எழுத்தின் எடை: கைப்பேசியில் இணையத் தரவைச் சிக்கனமாகப் பயன்படுத்தல்

‘தரவு’ என்பது தமிழுக்குப் பழைய சொல். ‘தருதல்’ என்னும் வினையின் வழிவந்த இப்பெயரை யாப்பிலக்கண நூலார் கலிப்பாவின் முதலுறுப்புக்கு வழங்கினர். கணினித் துறை வளர்ந்தபோது அறிஞர்கள் அதற்குப் புதுப்பொருள் ஏற்றினர். ஆங்கிலத்தார் இவ்விடத்தில் ஆளும் சொல் இலத்தீனிலிருந்து வந்தது. அதற்கும் ‘தரப்பட்டது’ என்பதே மூலப்பொருள் என்பதால், இம்மொழிபெயர்ப்பு வேர்ப்பொருளோடும் ஒத்து நிற்கிறது. ஆயினும் நம் மாணவர்கள் இச்சொல்லை நாள்தோறும் கேட்பது யாப்பு வகுப்பிலும் இல்லை, கணினி வகுப்பிலும் இல்லை. ‘தரவு முடிந்துவிட்டது’ என்னும் வீட்டுப் பேச்சில்தான் கேட்கிறார்கள்.

அப்பேச்சின் கனத்தை 2020ஆம் ஆண்டு நமக்கு உணர்த்தியது. மலேசியாவில் அவ்வாண்டு மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. சிங்கப்பூரில் ஏப்ரல் 8 முதல் மாணவர்கள் வீட்டிலிருந்தபடியே கற்கலாயினர். மலேசியக் கல்வி அமைச்சு அப்போது பெற்றோரிடம் நடத்திய கணக்கெடுப்பில், மாணவர்களுள் 36.9 விழுக்காட்டினரிடம் மின்னியல் கருவி எதுவும் இல்லை என்பது தெரியவந்தது. திறன்பேசி வைத்திருந்தோர் 46 விழுக்காட்டினர். அதாவது, இல்லிருப்புக் கற்றல் கற்பித்தல் நிகழ்ந்த காலத்தில் பல பிள்ளைகளுக்குக் கைப்பேசியின் சிறு திரையே வகுப்பறையாக இருந்தது. முன்கட்டணச் சேவையில் வாங்கிய தரவை அண்ணனும் தங்கையும் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய வீடுகளில், ஓர் ஆசிரியர் அனுப்பும் பாடம் எவ்வளவு எடையுள்ளது என்பது கல்வி சார்ந்த வினாவாகவே ஆகிவிட்டது.

அந்நெருக்கடி கடந்துவிட்டது, வினா கடந்துவிடவில்லை. இன்றும் பயிற்சித்தாள்களும் அறிவிப்புகளும் புலனக் குழுக்களின் வழியேதான் வீடு சேர்கின்றன. எனவே, கைப்பேசியில் இணையத்தைப் பயன்படுத்தும்போது தரவு எவ்வாறு செலவாகிறது, அதை எவ்வாறு குறைக்கலாம் என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம். மொழியியல் நோக்கில் தொடங்கிக் கைப்பேசியின் அமைப்புகளுக்கு வருவோம். இணையத்தில் செல்லும் பொருள்களுள் மிக இலேசானது எழுத்து. தமிழெழுத்தும் அவ்வாறே. இவ்வுண்மையை உணர்ந்தால் சிக்கனத்திற்கான வழிகள் பலவும் தாமே புலப்படும்.

பிட்டும் பைட்டும்

முதலில் அளவுகளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். உண்டு, இல்லை என்னும் இரண்டில் ஒன்றைச் சொல்லும் குறி ஒரு பிட். எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட்டு. ஆயிரம் பைட்டு ஒரு கிலோபைட்டு; ஆயிரம் கிலோபைட்டு ஒரு மெகாபைட்டு; ஆயிரம் மெகாபைட்டு ஒரு கிகாபைட்டு.

தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வேகத்தைப் பிட்டில் சொல்கின்றன. நமக்கு விற்கும் தரவையோ பைட்டில் அளக்கின்றன. இவ்விரண்டும் ஒன்றென மயங்குதல் கூடாது. நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் ஓடும் ஒரு காணொலி, நொடிக்கு எட்டில் ஒரு பங்கு மெகாபைட்டைச் செலவழிக்கிறது. ஒரு மணி நேரத்தில் 3600 நொடிகள் இருப்பதால் மொத்தச் செலவு 450 மெகாபைட்டு ஆகிறது. தெளிவு மிகுந்த காணொலிகள் இதனினும் பல மடங்கு வேகத்தில் தரவை இழுப்பவை. இந்த எளிய வகுத்தலை மாணவர்கள் தாமே செய்து பழகுவது நன்று.

ஓர் எழுத்து எத்தனை பைட்டு?

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனிக் குறியெண் வழங்கும் ஏற்பாட்டை ஒருங்குறி என்கிறோம். 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்களைக் கொண்ட ஒரு கட்டம் ஒதுக்கப்பட்டது. இக்குறியெண்களை இணையத்தில் அனுப்புவதற்குப் பெரும்பாலும் ‘யுடிஎஃப்-8’ என்னும் முறை கையாளப்படுகிறது. அம்முறையில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட்டு. தமிழ்க்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு.

இங்கே ‘தமிழெழுத்து’ என்னாமல் ‘தமிழ்க்குறி’ என்றதற்குக் காரணம் உண்டு. நம் இலக்கண மரபில் மெய்யே அடிப்படை. மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் ஆகிறது. ஒருங்குறியோ அகர உயிர்மெய்யை அடிப்படையாக வைத்துக்கொண்டு, அதன்மேல் புள்ளியையோ உயிர்க்குறியையோ சேர்க்கிறது. எனவே ‘ழ’ என்பது ஒரு குறி. ‘ழ்’ என்பது இரண்டு குறி. ‘தமிழ்’ என்னும் சொல் நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கு அது தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறிகள். ஆகவே 15 பைட்டு. அதே பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் ஐந்து பைட்டே ஆகும்.

இதைக் கொண்டு, தமிழில் எழுதுவது மூன்று மடங்கு தரவைத் தின்கிறது என்று சிலர் கவலை கொள்வதுண்டு. கணக்கு சரிதான், கவலை தேவையற்றது. ஏன் என்பதற்குத் திருக்குறளையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். குறள்கள் 1330, குறளுக்கு ஏழு சீர் வீதம் மொத்தம் 9310 சீர்கள். சீருக்கு எட்டுக் குறிகள் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால், குறிகளுக்கு 24 பைட்டும் இடைவெளிக்கு ஒரு பைட்டுமாக ஒரு சீருக்கு 25 பைட்டு ஆகிறது. பெருக்கிப் பார்த்தால் 232,750 பைட்டு. திருக்குறள் மூலம் முழுவதும் கால் மெகாபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. இன்றைய கைப்பேசியில் எடுக்கும் நிழற்படம் ஒன்று இரண்டு, மூன்று மெகாபைட்டு இருப்பது இயல்பு. ஒரே ஒரு நிழற்படத்தின் எடைக்குத் திருக்குறளைப் பத்து முறை அனுப்பலாம் என்றால், எழுத்தின் மூன்று மடங்கை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை.

சுருக்கும் கலை

மேற்சொன்ன கணக்குச் சுருக்கப்படாத எழுத்துக்கு உரியது. இணையத்தளங்கள் பெரும்பாலும் எழுத்தைச் சுருக்கியே அனுப்புகின்றன. கைப்பேசியிலுள்ள உலாவி அதை விரித்துக் காட்டுகிறது. 1992 முதல் வழங்கும் ‘ஜிசிப்’ முறையும், பின்னர்க் கூகள் நிறுவனத்தார் உருவாக்கிய ‘புரோட்லி’ முறையும் இப்பணியைச் செய்கின்றன. இவற்றின் அடிப்படை மொழி பயில்வோர்க்குப் புதியதன்று.

ஒரு பெயரை ஒருமுறை சொன்னபின் அதையே திரும்பத் திரும்பச் சொல்லாமல் ‘அவன்’, ‘அது’ என்று சுட்டுப்பெயரால் குறிக்கிறோம். சுருக்கும் முறையும் அவ்வாறே செய்கிறது. ஒரு தொடர் மீண்டும் வரும்போது அதை முழுமையாக எழுதாமல், ‘இத்தனை இடம் பின்சென்று இத்தனை பைட்டு எடுத்துக்கொள்க’ என்று சுட்டிவிடுகிறது. இவ்வழியை லெம்பெல், சிவ் என்னும் இருவர் 1977இல் வகுத்தனர். மொழியில் அடிக்கடி வழங்கும் சொற்கள் குறுகியனவாக இருப்பதையும் அறிவோம். அதுபோல, மிகுதியாக வரும் குறிக்குக் குறுகிய அடையாளமும் அரிதாக வரும் குறிக்கு நீண்ட அடையாளமும் தரும் வழியை ஹஃப்மன் என்பவர் 1952இல் வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்ததே ஜிசிப்.

இம்முறை தமிழுக்கு மிகப் பொருந்தி வருகிறது. தமிழ்க்குறியின் மூன்று பைட்டுகளுள் முதலாவது எல்லாக் குறிக்கும் ஒன்றே. இரண்டாவது பைட்டு இரண்டு வடிவங்களுள் ஒன்றாகவே இருக்கும். குறிகளைப் பெரும்பாலும் வேறுபடுத்துவது மூன்றாவது பைட்டே. எப்போதும் மாறாதது புதிய செய்தி எதையும் சொல்வதில்லை. ஆதலால் அதைச் சுருக்குவது எளிது. இதனோடு ‘-கிறது’, ‘-களின்’, ‘-ப்பட்ட’ போன்ற ஈறுகள் ஒரு கட்டுரையில் எத்தனை முறை வருகின்றன என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஒட்டுநிலை மொழியின் இயல்பே இங்கே நமக்கு உதவுகிறது. நீண்ட தமிழ்க் கட்டுரை ஒன்று சுருக்கப்படும்போது நான்கில் ஒரு பங்கு அளவை ஒட்டி வந்துவிடுகிறது. மூன்று மடங்கு என்னும் வேறுபாடும் வெகுவாகக் குறைகிறது.

எழுத்தும் எழுத்தின் படமும்

அவ்வாறாயின் தரவு எங்கே போகிறது? படத்திலும் காணொலியிலும் போகிறது. அவற்றுள்ளும் நாம் தடுக்கக்கூடிய செலவு, எழுத்தைப் படமாக்கி அனுப்புவதால் வருவது.

‘அ’ என்னும் எழுத்தைத் தட்டச்சு செய்து அனுப்பும்போது, அதன் வடிவம் பயணம் செய்வதில்லை. குறியெண் மட்டுமே செல்கிறது. வடிவத்தைத் தருவது பெறுபவரின் கைப்பேசியில் ஏற்கெனவே இருக்கும் எழுத்துரு. ‘அ’வைப் படமாக அனுப்பும்போதோ, அது எழுத்து என்பதே கருவிக்குத் தெரியாது. கரும்புள்ளி, வெண்புள்ளி எனப் புள்ளிகளின் நிறத்தை அது பதிவு செய்கிறது. அகலம் 1080, உயரம் 1920 புள்ளிகள் கொண்ட திரைப்படிமம் ஒன்றில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு மூன்று பைட்டு வீதம் அது ஆறு மெகாபைட்டைத் தாண்டும். படத்துக்குரிய சுருக்கமுறைகளால் குறைத்த பின்னும் நூற்றுக்கணக்கான கிலோபைட்டு எஞ்சி நிற்கும்.

தமிழ் இணையத்தின் வரலாற்றை அறிந்தோர்க்கு இதில் ஒரு முரண் தெரியும். 1990களின் நடுவில் தமிழுக்குப் பொதுவான குறியேற்றம் இல்லை. தளத்துக்குத் தளம் வேறு எழுத்துரு இருந்தது. எழுத்துருவைப் பதிவிறக்கம் செய்யாதவருக்குப் பக்கம் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். எனவே தமிழைப் படமாக்கி ஏற்றியோரும் இருந்தனர். இந்நிலை மாற உழைத்தவர்களுள் இவ்வட்டாரத்தார் முன்னணியில் நின்றனர். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றும் திட்டத்தின்வழி தமிழையும் வலையேற்றினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் மென்பொருளையும், பின்னர்க் கைப்பேசிக்குச் செல்லினத்தையும் உருவாக்கினார். 1997இல் சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாடு குறியேற்றச் சிக்கலைப் பொதுமேடைக்குக் கொண்டுவந்தது. இத்தகைய முயற்சிகளின் பயனாகவே இன்று எந்தத் திறன்பேசியை வாங்கினாலும் அதனுள் தமிழ் எழுத்துரு இருக்கிறது. தமிழ் விசைப்பலகையும் கிடைக்கிறது.

அன்று வேறு வழியின்றித் தமிழைப் படமாக அனுப்பினோம். இன்று வழியிருந்தும் படமாக அனுப்புகிறோம். பயிற்சிப் புத்தகத்தின் பக்கத்தைப் படமெடுத்துக் குழுவில் இடுகிறோம். நான்கு வரி அறிவிப்பைப் பூக்களுக்கு நடுவே பொறித்துப் படமாக்குகிறோம். இதனால் இழப்பது தரவு மட்டுமன்று. படத்திலுள்ள சொல்லைத் தேட இயலாது. அகராதியில் இட்டுப் பார்க்கப் படியெடுக்க இயலாது. சிறு திரைக்கு ஏற்ப எழுத்தைப் பெரிதாக்கினால் வரி மடங்காது. பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்குத் திரைவாசிப்பான் அதைப் படித்துச் சொல்லவும் இயலாது.

ஒரு பாடம், நான்கு வடிவங்கள்

ஒரு வகுப்புக்கு 200 சொல் கொண்ட உரைநடைப் பகுதி ஒன்றை அனுப்ப வேண்டியுள்ளது எனக் கொள்வோம். அதை நான்கு வடிவங்களில் அனுப்பலாம்.

முதலாவது, தட்டச்சு செய்த எழுத்து. சொல்லுக்கு ஒன்பது குறிகள், ஓர் இடைவெளி என வைத்தால் ஒரு சொல்லுக்கு 28 பைட்டு. 200 சொல்லுக்கு 5600 பைட்டு. அதாவது ஆறு கிலோபைட்டுக்கும் குறைவு.

இரண்டாவது, பக்கத்தின் படம். புலனம் போன்ற செயலிகள் படத்தைத் தாமே சுருக்கி அனுப்புகின்றன. அவ்வாறு சுருக்கியபின் அது 200 கிலோபைட்டு இருப்பதாகக் கொள்வோம்.

மூன்றாவது, ஆசிரியரின் குரல் பதிவு. பேச்சுக்கு நொடிக்கு 16 கிலோபிட் போதுமானது. ஐந்து நிமிடப் பேச்சுக்கு 600 கிலோபைட்டு ஆகும்.

நான்காவது, அதே ஐந்து நிமிடக் காணொலி. நொடிக்கு ஒரு மெகாபிட் வீதம் 37.5 மெகாபைட்டு ஆகும்.

எழுத்துக்கும் காணொலிக்கும் இடையே ஆறாயிரம் மடங்குக்கு மேல் வேறுபாடு உள்ளது. வகுப்பில் 30 மாணவர்கள் இருந்தால் அக்காணொலி மொத்தம் 1125 மெகாபைட்டை எடுத்துக்கொள்ளும். அனுப்பியவருக்கு ஏற்றுவது ஒருமுறைதான். இறக்கும் செலவை 30 குடும்பங்கள் தனித்தனியே ஏற்கின்றன.

இதனால் காணொலியே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. அறிவியல் சோதனையையும் நடனத்தின் அசைவையும் காட்சியால்தான் விளக்க முடியும். லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் கற்பிக்கக் குரல் வேண்டும். ஆயின் அதற்குக் குரல் பதிவே பெரும்பாலும் போதும். நாநுனியின் நிலையைக் காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் அரை நிமிடக் காணொலி சேர்க்கலாம். கற்பிக்கும் பொருளுக்கு எவ்வடிவம் தேவையோ அதைத் தேர்வதே சிக்கனம். இலக்கணத்தில் சொற்சுருக்கம் பொருளைச் சுருக்குவதில்லை என்பதை நூற்பா பயின்றோர் அறிவர்.

கைப்பேசியில் செய்யத்தக்கவை

இனிப் படிப்போர் தம் கைப்பேசியில் செய்யத்தக்கவற்றைக் காண்போம். அமைப்புகளின் பெயர்கள் கருவிக்குக் கருவி சற்று மாறலாம்; உள்ளடக்கம் ஒன்றே.

முதற்பணி அளந்தறிதல். ஆண்டிராய்டு, ஐஃபோன் இரண்டிலும் அமைப்புகள் பகுதியில் ஒவ்வொரு செயலியும் எவ்வளவு கைப்பேசித் தரவைச் செலவிட்டது என்னும் பட்டியல் உண்டு. அதில் முதலில் நிற்கும் மூன்று செயலிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பெருஞ்செலவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஆண்டிராய்டு கைப்பேசிகளில் ஓர் அளவை எட்டியதும் எச்சரிக்கவும், மற்றோர் அளவை எட்டியதும் தரவை நிறுத்தவும் ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

இரண்டாவது, நாம் பார்க்காதபோது நிகழும் செலவைத் தடுத்தல். செயலிகள் பின்னணியிலும் இணையத்தோடு பேசிக்கொண்டிருக்கின்றன. ஆண்டிராய்டில் 2016 முதல் உள்ள தரவுச் சேமிப்பு அமைப்பும், ஐஃபோனில் 2019 முதல் உள்ள குறைந்த தரவு முறையும் இதைக் கட்டுப்படுத்துகின்றன. செயலிகளின் புதுப்பிப்பு, நிழற்படங்களை மேகச் சேமிப்பில் ஏற்றுதல் ஆகியவை வைஃபை இணைப்பில் மட்டுமே நிகழுமாறு அமைத்துவிடுங்கள். கைப்பேசியின் தரவைக் கணினிக்குப் பகிரும்போது கூடுதல் கவனம் வேண்டும். கணினி அதை வீட்டு வைஃபை என்றே கருதித் தன் புதுப்பிப்புகளை இறக்கத் தொடங்கலாம். அவ்விணைப்பை அளவுக்குட்பட்ட இணைப்பு எனக் கணினியில் குறித்துவைத்தால் இவ்விழப்பைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

மூன்றாவது, தானாக நிகழ்வதை நாமாகச் செய்வதாக மாற்றுதல். புலனத்தின் அமைப்புகளில், கைப்பேசித் தரவில் இருக்கும்போது படமும் காணொலியும் தாமாக இறங்க வேண்டா என்று குறிக்கலாம். பின்னர், வேண்டியதை மட்டும் தொட்டு இறக்கிக்கொள்ளலாம். சேமிப்பும் தரவும் பற்றிய அதே பகுதியில் அழைப்புகளுக்குக் குறைந்த தரவு என்னும் தெரிவும் உண்டு. யூடியூபில் கைப்பேசி இணைப்புக்கெனத் தனியே காட்சித் தரத்தைக் குறைத்து வைக்கலாம். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவதையும் நிறுத்தலாம். செவிக்கு மட்டும் உரிய உரையைக் காணொலியாகக் கேட்பதைக் காட்டிலும் ஒலிப்பதிவாகக் கேட்பது நன்று. நொடிக்கு 128 கிலோபிட் தரத்திலும் ஒரு மணி நேர ஒலிக்கு 58 மெகாபைட்டுக்குள்தான் ஆகும்.

நான்காவது, உலாவியைத் தேர்ந்து பயன்படுத்தல். உலாவி ஒருமுறை இறக்கிய படங்களையும் எழுத்துருக்களையும் தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொண்டு, மறுமுறை அத்தளத்துக்குச் செல்லும்போது எடுத்துக்காட்டுகிறது. அந்நினைவகத்தை அடிக்கடி துடைப்பதும், எப்போதும் மறைநிலைச் சாளரத்திலேயே படிப்பதும் அதே பொருளை மீண்டும் மீண்டும் இறக்கச் செய்யும். இணையப் பக்கத்தில் நாம் படிக்கும் கட்டுரையைக் காட்டிலும் அதனைச் சுற்றியுள்ள விளம்பரங்களும் அவற்றை இயக்கும் நிரல்களும் எடை மிகுந்தவையாக இருப்பதுண்டு. விளம்பரங்களைத் தடுக்கும் வசதியுள்ள உலாவி இவ்வெடையைக் குறைக்கும்.

ஓப்பரா மினி போன்ற உலாவிகள் வேறொரு வழியைக் கையாள்கின்றன. நாம் கேட்கும் பக்கம் முதலில் அந்நிறுவனத்தின் வழங்கிக்குச் சென்று, அங்கே சுருக்கப்பட்டு நம்மிடம் வருகிறது. செய்தியும் கட்டுரையும் படிக்க இது பயனுள்ள வழி. ஆயின் இடையில் ஒருவர் பிரித்துப் பார்த்துச் சுருக்கித் தருவதால், வங்கிக் கணக்குக்கும் கடவுச்சொல் இடும் பக்கங்களுக்கும் இவ்வழியைப் பயன்படுத்தல் ஆகாது. கூகள் குரோமிலும் இத்தகைய வசதி ஒன்று இருந்தது; 2022இல் அது நீக்கப்பட்டது. பழைய குறிப்புகளைப் படித்து அதைத் தேடுவோர் இதனை அறிந்துகொள்வது நன்று.

ஐந்தாவது, முன்கூட்டிச் சேமித்தல். பள்ளியிலோ நூலகத்திலோ வைஃபை கிடைக்கும்போது, தேவையான பக்கங்களை இறக்கி வைத்துக்கொண்டு இணைப்பின்றிப் படிக்கலாம். விக்கிப்பீடியாச் செயலியில் கட்டுரைகளைச் சேமித்து வைக்கும் வசதி உண்டு. கிவிக்ஸ் என்னும் இலவசச் செயலியின்வழி 2003இல் தொடங்கப்பெற்ற தமிழ் விக்கிப்பீடியாவையே மொத்தமாகக் கைப்பேசிக்குள் கொண்டுவரலாம். நில வரைபடங்களையும் அவ்வாறே முன்னதாக இறக்கிக்கொள்ளலாம்.

அனுப்புவோர் கடமை

படிப்போர் செய்யும் சிக்கனத்துக்கு ஓர் எல்லை உண்டு. படமாக வந்த பாடத்தை எழுத்தாக்கிக்கொள்ள மாணவரால் எளிதில் இயலாது. அனுப்புபவர் நினைத்தால் இயலும். எனவே ஆசிரியப் பெருமக்களுக்கு நாம் முன்வைக்கும் வேண்டுகோள்கள் சில உள.

அறிவிப்புகளையும் வினாக்களையும் ஒருங்குறித் தமிழில் தட்டச்சு செய்தே அனுப்புவோம். தட்டச்சு கடினம் எனில் குரல்வழித் தட்டச்சைப் பயன்படுத்தலாம். இப்போது தமிழுக்கும் அது கிடைக்கிறது. அச்சிட்ட பக்கம் கையிலிருந்தால், ஒளிவழி எழுத்துணரியைக் கொண்டு படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கலாம். அவ்வாறு எடுத்தபின் ஒருமுறை மெய்ப்புப் பார்த்தல் இன்றியமையாதது. ரகரத்தையும் துணைக்காலையும், ணகர னகரங்களையும் கருவி மயங்குவதுண்டு. பிழைதிருத்தும் இப்பணியையே மாணவர்க்குப் பயிற்சியாகவும் தரலாம்.

பிடிஎஃப் கோப்புகளிலும் இரு வகை உண்டு. சொற்செயலியிலிருந்து நேரே உருவாக்கிய கோப்பில் எழுத்து எழுத்தாகவே இருப்பதால் எடை குறைவு. தாள்களை வருடி உருவாக்கிய கோப்போ படங்களின் தொகுப்பு. ஒரு சொல்லை விரலால் அழுத்தித் தேர்ந்தெடுக்க முடிகிறதா எனப் பார்த்தால் எவ்வகை என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். படமே அனுப்ப வேண்டிய இடத்தில், வேண்டாத ஓரங்களை வெட்டி, அளவைக் குறைத்து அனுப்பலாம். ஒரே காணொலியைக் குழுவில் பலமுறை பகிர்வதைத் தவிர்த்து, அதன் சாரத்தை ஐந்து வரியில் எழுதி உடன் அனுப்பினால், தரவு இல்லாத மாணவரும் பாடத்தை இழக்கமாட்டார்.

வகுப்பறையில் இதை ஒரு செயற்பாடாகவும் நடத்தலாம். மாணவர் ஒவ்வொருவரும் தம் பெயரை எழுதி, அதில் எத்தனை எழுத்து, எத்தனை குறி, எத்தனை பைட்டு என்று கணக்கிடட்டும். ‘அம்மா’ என்பது மூன்றெழுத்து, ஐந்து குறி, 15 பைட்டு. ‘மொழி’ என்பது இரண்டெழுத்து, நான்கு குறி, 12 பைட்டு. ஒகரக்குறி இருபுறமும் நின்றாலும் ஒரே குறியாகவே எண்ணப்படும். எழுத்திலக்கணமும் கணக்கும் கணினியும் ஒரே பாடத்தில் கூடும் அரிய வாய்ப்பு இது.

பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய காலத்தில் இடம் அரிது, உழைப்பு மிகுதி. அக்காலத்தார் குறைந்த இடத்தில் நிறைந்த பொருளை வைக்கக் கற்றனர். இன்று இடம் மலிந்துவிட்டதுபோல் தோன்றுகிறது. ஆயினும் நம் மாணவர் பலருக்கு அது மலியவில்லை. ஆறு கிலோபைட்டில் சென்று சேரக்கூடிய தமிழை முப்பத்தேழு மெகாபைட்டாக்கி அனுப்பும்போது, அதைத் திறக்க இயலாத ஒரு பிள்ளையை நாம் வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறோம். எழுத்தாக வரும் தமிழ் மிகக் குறைந்த செலவில் மிகத் தொலைவு செல்லும். இன்று மாலை குழுவில் அனுப்பவிருக்கும் செய்தியிலிருந்தே இதனைத் தொடங்கலாம்.